ஏரியை விட்டுப் போகிறவர்கள்

(மதுராந்தகம் வட்டாரத்து நூலகம் ஒன்றில், மாசி மாதத்துக் கடைசி ஞாயிறன்று நிகழ்த்திய சொற்பொழிவு)



பறவைகளைப் பற்றிப் பேசுவதற்காக ஒருவன் இந்த வட்டாரத்தில் மேடை ஏறினால் வேடந்தாங்கலில்தான் தொடங்கவேண்டும் என்பது எழுதாத சட்டம். அதற்கு நானும் கட்டுப்பட்டு இரண்டொரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டுச் சீமையின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரை, தங்கள் ஏரிக்கு வரும் பறவைகளைக் காக்க விரும்பிய வேடந்தாங்கல் குடியானவர்களின் உரிமையை ஒப்புக்கொண்டார் என்பதும், 1936-இல் அவ்வேரி சரணாலயமாயிற்று என்பதும், பறவைகளின் எச்சம் கரைந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதைச் சாஸ்திரக்காரர்கள் வந்து சொல்வதற்கு நெடுங்காலம் முன்பே அக்குடியானவர்கள் அநுபவத்தால் அறிந்திருந்தார்கள் என்பதும் நீங்கள் அறிந்தவையே. மதுராந்தகத்து ஏரிகாத்த ராமர் கதையில் வருகிற துரையும் இவரே. சன்னிதியில் அவரை நினைக்கிறவர்கள் பறவைகளை முன்னிட்டும் ஒருமுறை நினைக்கலாம், புண்ணியத்துக்குக் குறைவில்லை.

ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்டது வேடந்தாங்கலை அன்று. அங்கே பறவை பார்க்கப் போகிறவர் சீட்டு வாங்கிக்கொண்டு, காட்சிக் கோபுரத்தின்மேல் ஏறி நின்று, கூழைக்கடாவும் நத்தைக்குத்தியும் அரிவாள்மூக்கனும் மரக்கிளைகளில் நெருக்கியடித்துக்கொண்டு குஞ்சுகளுக்கு இரையூட்டும் காட்சியைக் கண்டு மகிழ்ந்து, மாலைக்குள் வீடு திரும்பிவிடுகிறார். அவர் கண்டது சத்தியமே. ஆனால் அது ஒரு நாளின் சத்தியம். எந்தப் பலகையும் நடப்படாத, எந்த ஊர்தியும் வந்து நிற்காத நம்முடைய ஊர் ஏரியின் கரையில், பால் வாங்கப் போகும் வழியிலோ மாலை நடையிலோ, ஆண்டு முழுதும் போய்வந்து கொண்டிருக்கிற மனிதனுக்கு மட்டும் பிடிபடுகிற ஒரு சங்கதி இருக்கிறது. பறவைகள் எப்போது போகின்றன என்பதே அது. வரவை எவரும் காணலாம். போக்கைக் காண்பதற்கு உள்ளூர்க்காரனாக இருக்கவேண்டும்.

மாசியும் பங்குனியும் சேருகிற இந்த நாட்கள் அதற்கு மிகவும் உகந்தவை. ஆங்கிலப் புத்தகங்களைப் படித்து வளர்ந்த நமக்கு வசந்தம் என்றவுடன் எல்லாப் பறவைகளும் வந்து சேருகின்றன, எல்லாம் கூடு கட்டுகின்றன என்ற சித்திரம் மனத்தில் படிந்திருக்கிறது. நம் சீமையில் ருதுக்களின் கணக்கு வேறு. வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் நீர்ப்பறவைகள் கார்த்திகை மார்கழியிலேயே கூட்டில் அமர்ந்துவிடுகின்றன. நமக்குப் பின்பனி கழியும்போது அவற்றின் குஞ்சுகள் இறக்கை முளைத்துப் பறக்கப் பழகிக்கொண்டிருக்கும். மைனா, குக்குறுவான், குண்டுகரிச்சான் முதலிய தோட்டத்துப் பறவைகளுக்கோ இப்போதுதான் இல்லறம் ஆரம்பமாகிறது. இவ்விரண்டு வகுப்பிலும் சேராமல், புரட்டாசி ஐப்பசியில் வடக்கேயிருந்து வந்து நம்மிடம் குளிர்காலத்தைக் கழித்த விருந்தாளிகள் மூட்டை கட்டுவதும் இதே வேளையில்தான். ஒரே ஏரிக்கரையில் முடிவும் தொடக்கமும் பிரயாணமும் ஏககாலத்தில் நிகழ்கின்றன; ஆகவே பங்குனி மாதத்துக் காலைப்பொழுது ஒன்றில் அங்கே நிற்கிறவன் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று திகைத்தால் அது அவன் குற்றமன்று.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். நல்ல வருஷமாக இருந்தால் கலங்கல் வழிந்து, தை பிறக்கும்வரை ததும்பி நிற்கிற ஏரி, நவரைப் பயிருக்காக மதகைத் திறந்துவிட்ட பின்பு நாளுக்கு நாள் இறங்குகிறது. இந்த இறக்கத்தைப் பறவைகள் நம்மைக் காட்டிலும் நுட்பமாக அறிகின்றன. ஆழம் இருக்கும்வரை நீர்க்காகமும் முக்குளிப்பானும் நடு ஏரியை ஆள்கின்றன; வாலை மேலே நிறுத்தி, தலையை நீருக்குள் விட்டு மேயத்தக்க அளவுக்குத் தண்ணீர் குறைந்த இடங்களில் ஊசிவால் வாத்தும் கிளுவையும் நீலச்சிறகியும் கூடுகின்றன; இன்னும் குறைந்து முழங்காலளவு ஆனபின் கரண்டிவாயன் அலகைப் பக்கவாட்டில் வீசிக்கொண்டு வரிசையாக நடக்கத் தொடங்குகிறது; பின்பு உள்வாயில் வண்டல் தெரிய ஆரம்பித்ததும் அந்த ஈரச் சேற்றின் விளிம்பெல்லாம் உள்ளான்களின் ராஜ்யம். கடைசியில் அங்கங்கே குட்டைகள் மட்டும் மிஞ்சி, மீன்கள் போக வழியின்றித் துள்ளுகிறபோது, கொக்கும் மடையானும் செம்பருந்தும் ஒரு பக்கமும், ஊத்தாவைக் கையில் பிடித்த நம் ஊர்ப் பிள்ளைகள் மறுபக்கமுமாக ஏரியைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஏரி வற்றுவதை ஒரு சேதமாகவே கருதிப் பழகியவர்கள் இதைச் சற்று யோசித்துப் பார்க்கவேண்டும். ஆண்டு முழுவதும் ஒரே மட்டத்தில் தண்ணீர் நிறுத்தி, கரைக்குக் கல் பாவி, சுற்றிலும் நடைபாதை போட்டு, நடுவே படகு விடுவதை ஏரியை அழகுபடுத்துவதாக எண்ணுகிற அபிப்பிராயம் இப்போது பலமாகப் பரவியிருக்கிறது. சேறு தெரியாத ஏரியில் உள்ளானுக்கு வேலையில்லை என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லிவைக்கிறேன்.

இனிப் பிரயாணிகளின் ஆயத்தத்தைக் கவனிப்போம். மார்கழியில் வரப்பின்மேல் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிய மஞ்சள் வாலாட்டி பெயருக்குத்தான் மஞ்சளாக இருந்தது. பழுப்பும் சாம்பலுமாக, ஏழை வீட்டுப் பிள்ளைபோல எளிய உடையில் அலைந்தது. தையிலிருந்து சிறுகச் சிறுக இறகு மாற்றி, பங்குனியில் அதன் மார்பும் வயிறும் பளீரென்ற மஞ்சளாகிவிடுகின்றன. மீசை ஆலாவின் வெள்ளை வயிற்றில் கருமை படர்கிறது. வாத்துகளுள் ஆண்கள் இதற்கு முன்பே கோலம் பூண்டு பெண்களைச் சுற்றிவந்து தலையசைத்துத் துணை தேடிக்கொள்கின்றன. கூடு கட்டுவது வடதேசத்தில், நிச்சயதார்த்தம் நம் ஏரியில். வேலியோரப் புதர்களில் குளிர்காலம் முழுவதும் ‘சக், சக்’ என்று ஒற்றையொலி எழுப்பியதற்குமேல் வாய் திறவாத நாணல் கதிர்க்குருவி, புறப்படுவதற்குச் சில வாரம் முன்பு திடீரென்று பாடத் தொடங்குகிறது. வெளித்தோற்றத்துக்குப் புலப்படாத இன்னொரு மாறுதலும் உண்டு. இந்நாட்களில் இவை வழக்கத்தைவிட மிகுதியாக உண்கின்றன. உண்டது தோலுக்கடியில் கொழுப்பாகச் சேர்கிறது. சிறு பறவைகளுள் சில, தம் எடையில் ஏறக்குறைய இருமடங்காகிப் பின்பு கிளம்புகின்றன. நீண்ட ஆகாயப் பாதைக்கு அந்தக் கொழுப்புத்தான் கட்டுசாதம்.

இவற்றுக்குக் காலம் எப்படித் தெரிகிறது? வெப்பம் கூடுவதால் என்று முற்காலத்தில் பலர் நம்பினார்கள். கனடா தேசத்து எட்மண்டன் நகரில் ஆசிரியராக இருந்த வில்லியம் ரோவன் என்பவர் 1920-களில் இதைச் சோதித்தார். இலையுதிர்காலத்தில் வலசை போகும் ஜங்கோ என்னும் சிறு குருவிகளைப் பிடித்து, திறந்த வெளிக் கூண்டுகளில் வைத்து, பூஜ்யத்துக்கு வெகு கீழே இறங்கும் அந்த ஊர்க் குளிரிலேயே விட்டுவிட்டு, மாலைதோறும் மின்விளக்கைச் சற்று அதிக நேரம் எரியவிட்டுப் பகலை மட்டும் நீட்டினார். பனி கொட்டும் நடுக்குளிர்காலத்தில் அக்குருவிகளின் உடலுக்குள் வசந்தம் வந்துவிட்டது. இனவிருத்தி உறுப்புகள் வளர்ச்சியுற்றன. குளிரும் வெப்பமும் இரண்டாம்பட்சம், பகலின் நீளமே பிரதானம் என்று அப்போது விளங்கிற்று.

ஆனால் இங்கே புத்திசாலியான ஒரு கேள்வி எழவேண்டும். எட்மண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நம் சென்னைப் பக்கத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே சுமார் ஒன்றரை மணி நேரந்தான் பேதம். இந்தச் சொற்ப வேறுபாட்டைக் கொண்டு, பங்குனி வந்துவிட்டது என்று வாலாட்டி அறிவது எவ்வாறு? இதற்கு ஒரு பகுதி விடையை ஜெர்மனியில் எபர்ஹார்ட் க்வின்னர் கண்டார். கதிர்க்குருவி இனத்துப் பறவைகளை அவர் பகல் பன்னிரண்டு மணி, இரவு பன்னிரண்டு மணி என்று சிறிதும் மாறாத அறைகளில் ஆண்டுக்கணக்கில் வளர்த்தார். வெளியுலகத்துச் செய்தி எதுவும் எட்டாத அந்த அறையிலும் அவை உரிய முறைப்படி இறகு உதிர்த்தன. உரிய முறைப்படி கொழுத்தன. வலசைக் காலம் நெருங்கியதும் இரவெல்லாம் இருப்புக்கொள்ளாமல் படபடத்தன. பறவையின் உடலுக்குள்ளேயே ஒரு பஞ்சாங்கம் ஓடுகிறது. அது சரியாக முந்நூற்று அறுபத்தைந்து நாளில் சுழல்வதில்லை, சற்று முன்பின்னாகச் சுழல்கிறது. பகலின் நீளம் அதை ஆண்டுதோறும் திருத்திக் கொடுக்கிறது. பஞ்சாங்கம் கணிக்கிறவர்கள் இந்தக் கூட்டத்திலும் ஒருவர் இருவர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது வியப்பளிக்காது.

இவ்வளவு ஆயத்தமும் நம் கண்முன் நடந்தும், புறப்பாட்டை மட்டும் நாம் காண்பதேயில்லை. காரணம், உள்ளான்களும் வாத்துகளும் சிறு குருவிகளும் பெரும்பாலும் இரவிலேயே பயணம் தொடங்குகின்றன. மாலையில் மதகடியில் இருந்தது காலையில் இல்லை, அவ்வளவே. அந்தக் காலையில் இல்லை என்பதாலேயே போய்விட்டது என்றும் சொல்லிவிட முடியாது. எதிர்க்கரையில் இருக்கலாம், பக்கத்து ஏரிக்குப் போயிருக்கலாம், மறுநாள் வந்து நிற்கலாம். வரவின் நாள் கண்ட கணத்திலேயே நிச்சயமாகிறது; புறப்பாட்டின் நாளோ பல நாள் காத்திருந்து, திரும்பிப் பார்த்த பிறகே நிச்சயமாகிறது. ‘இன்றுதான் கடைசி’ என்று எந்தப் பறவையைப் பற்றியும் அன்றைக்கே எழுத ஒருவராலும் இயலாது. ஆகவே போக்கைப் பதிகிறவன் கண்டதை மட்டும் எழுதினால் போதாது, காணாததையும் எழுதவேண்டும். இன்று ஊசிவால் இல்லை, இன்றும் இல்லை, இன்றும் இல்லை என்று வறட்சியாக எழுதிக்கொண்டே போகிற நோட்டுப் புத்தகந்தான் பத்து நாள் கழித்து ஒரு தேதியைத் தரும். ஒருநாள் வந்து போகிற யாத்திரிகர், அவர் எத்தனை பெரிய நிபுணரானாலும், உண்டு என்பதைச் சொல்லலாம். இல்லை என்று சொல்லும் அதிகாரம் உள்ளூர்க்காரனுக்கே உரியது.

உள்ளூரிலேயே உட்கார்ந்து இந்த வித்தையைச் செய்து காட்டியவர்களில் முதல்வராகச் சொல்லத்தக்கவர், இங்கிலாந்தின் தெற்கே செல்போர்ன் என்னும் சிற்றூரில் பாதிரியாக இருந்த கில்பர்ட் வொய்ட். 1720-இல் பிறந்து 1793-இல் மறைந்த அவர், தம் ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையுமே வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்ப நடந்து பார்த்து, தாமஸ் பென்னண்ட், டெய்ன்ஸ் பாரிங்டன் என்ற இரண்டு அறிஞர்களுக்கு எழுதிய கடிதங்களைத் தொகுத்து 1789-இல் வெளியிட்ட கிரந்தம் இன்றளவும் அச்சில் இருக்கிறது. ஒரே மாதிரித் தோன்றுகிற மூன்று இலைக் கதிர்க்குருவிகளை அவற்றின் பாட்டைக் கேட்டே மூன்று வேறு இனங்கள் என்று அவர் பிரித்தறிந்தார். அந்தக் காலத்தில் அதற்கு இன்றைய தொலைநோக்கியும் இல்லை, படம் போட்ட கையேடும் இல்லை. சிரத்தையும் செவியும் இருந்தன. பாரிங்டன் அச்சிட்டு அனுப்பிய கட்டமிட்ட தாள்களில் 1768 முதல் காற்று, மழை, வெப்பம், தளிர்த்த மரம், தென்பட்ட பறவை என்று இறுதிவரை எழுதிவந்தார்.

அத்தகைய மனிதருக்கும் பிடிபடாமல் நழுவிய விஷயம் ஒன்று உண்டு. அது போக்கைப் பற்றியதுதான். வசந்தத்தில் தகைவிலான் வந்த நாளை ஆண்டுதோறும் அவர் குறித்தார். இலையுதிர்காலத்தில் அவை எங்கே போகின்றன என்பதை அவரால் தீர்மானிக்க முடியவில்லை. கடல் கடந்து போகின்றன என்பதை ஒருபுறம் ஒப்புக்கொண்டும், சிலவேனும் அங்கேயே ஏதோ பொந்துகளில் ஒளிந்து குளிர்காலம் முழுவதும் உறங்குகின்றனவோ என்ற சந்தேகத்தை அவர் விடவேயில்லை. அவரைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை; பறவை போவதை எவரும் காணாதவரையில் அது ஒளிந்துகொண்டது என்று எண்ணுவதில் என்ன அநியாயம்? மேஸ்பீல்டு என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் 1911-இல் தம் வீட்டில் கூடு கட்டியிருந்த தகைவிலான் ஒன்றின் காலில் வளையம் இட்டு விட, அது 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் பிடிபட்ட பின்னரே அச்சந்தேகத்தைத் தீர்க்கும் ஐயத்துக்கிடமற்ற நிரூபணம் வாய்த்தது. நம் ஊர்த் தந்திக் கம்பியில் மார்கழியில் வரிசையாக அமரும் தகைவிலான்கள் அந்த ஆங்கிலக் கூட்டத்தைச் சேர்ந்தவை அல்ல; ஆசியாவின் வடபாகங்களில் பிறந்து தெற்கே வருபவை.

வொய்ட் தம் கடைசி ஆண்டுகளில் கடிதம் எழுதிப் பழகிய இன்னொரு பெரியவர் நார்போக் மாகாணத்து ராபர்ட் மார்ஷம். மரம் வளர்ப்பதில் பித்துக்கொண்ட இந்தப் பிரபு, 1736 முதல் தம் பண்ணையில் முதல் தளிர், முதல் பூ, முதல் தகைவிலான், முதல் குயில் என்று வசந்தத்தின் அடையாளங்கள் இருபத்தேழைத் தேதியிட்டு எழுதிவந்தார். அவர் மறைந்த பின்பு அவர் பிள்ளைகளும், பிள்ளைகளின் பிள்ளைகளும் அந்த வழக்கத்தைக் கைவிடாமல் 1958 வரை தொடர்ந்தார்கள். ஒரு குடும்பம் இருநூறு ஆண்டுக்குமேல் ஒரே பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஏடு, பருவங்கள் எவ்வாறு இடம் பெயர்கின்றன என்று ஆராய்கிறவர்களுக்கு இன்று பொக்கிஷம். ஆனால் அந்த ஏட்டில் இருப்பவை முதல் தோற்றங்கள், வசந்தத்தின் வரவுகள். பங்குனியில் வரவேற்கிற தேசத்தாருக்கு அது இயல்பு. பங்குனியில் வழியனுப்புகிற தேசத்தாராகிய நாம் எழுதவேண்டிய ஏடு இதன் மறுபாதி.

வழியனுப்பும் மனம் நமக்குப் புதிதன்று. வாடைக் குளிரில் மதுரையில் வாடிய சத்திமுத்தப் புலவர், தென்குமரியில் நீராடி வடக்கே திரும்பும் நாரை ஒன்றைத் தம் மனைவியிடம் தூதாக அனுப்பிய செய்யுளை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். அதில் புலவரின் வறுமையைப் பேசாத உரைகாரர் இல்லை; பறவையைப் பேசியவர் சிலரே. அலகும் காலும் ஒருங்கே செந்நிறமாகச் சொல்லப்படுவதைக் கொண்டு, அது குளிர்காலத்தில் நம் நாட்டுக்கு வரும் வெள்ளை நாரை என்றே நான் கொள்கிறேன். குளிர் முற்றும் விடுவதற்குள்ளாகவே வடக்கு நோக்கிக் கிளம்பிவிட்டது என்பதும், வழியில் தங்குவதற்கு ஓர் ஊர்க் குளம் குறிக்கப்படுகிறது என்பதும் கண்ணால் கண்டவன் எழுதுகிற விவரங்கள்.

நம் காலத்தில் அந்தக் கண் படைத்தவராக இருந்தவர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய மாதவையாவின் புதல்வர். 1950-இல் தொடங்கி 1996-இல் தாம் மறையும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கையைப் பற்றி இடைவிடாது எழுதியவர். யானையை எழுதிய அதே சிரத்தையோடு வீட்டுப் பல்லியையும் காக்கையையும் எழுதினார். தமிழிலும் எழுதினார் என்பதை இந்த நூலகத்தார் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். அலமாரியில் அவர் புத்தகம் ஒன்றையும் நான் காணவில்லை.

போகிறவற்றைப் பற்றியே பேசிவிட்டேன், போகாதவையும் உண்டு. கடற்கரைக் கழிகளில் தங்கும் உள்ளான்களுள், சென்ற ஆண்டில் பிறந்து இன்னும் பருவம் எய்தாதவை சில, வடக்கே போய் என்ன செய்வது என்பதுபோல் கோடை முழுவதும் இங்கேயே நின்றுவிடுகின்றன. சித்திரையில் ஓர் உள்ளானைக் கண்டவுடன் ‘புறப்பாடு தாமதம்’ என்று எழுதிவிடாதீர்கள். அதன் இறகு பழுப்பாகவே இருக்கிறதா, கோலம் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இன்னொரு பக்கம், போனவை காலி செய்த இடத்தில் உள்ளூர்க்காரர்களின் ஆரவாரம் கூடுகிறது. குளிர்காலம் முழுவதும் மௌனமாக இருந்த குண்டுகரிச்சான் விடியற்காலையில் பாடத் தொடங்கிவிட்டது; மடையான் முதுகில் அரக்குச் சிவப்பும், உண்ணிக்கொக்கின் தலையில் காவி நிறமும் ஏறும் காலம் இனி வருகிறது; குயில், காக்கை கூடு கட்டுவதற்கு முன்பே கூவித் தயாராகிவிட்டது. அதன் அவசரம் புரிந்துகொள்ளத்தக்கதே.

நாம் செய்யவேண்டியது என்ன என்று தலைவர் அவர்கள் முன்னுரையில் கேட்டார்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவை ஆர்வலர்கள் கூடிக் கணக்கெடுக்கிறார்கள்; நம் ஏரியும் அதில் சேரவேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் தையில் எடுத்த கணக்குக்குப் பங்குனியில் எடுக்கும் கணக்குத்தான் துணை. அதைச் செய்ய வெளியூரிலிருந்து எவரும் வரமாட்டார்கள். ஏரியின் எல்லாப் பறவைகளையும் எழுதவேண்டும் என்று ஆசைப்பட்டால் ஒரு வாரத்தில் அலுத்துவிடும். ஊசிவால் வாத்து, மஞ்சள் வாலாட்டி, பொரி உள்ளான், தகைவிலான், கலங்கலருகே வேலமரத்தில் அமரும் பழுப்புக் கீச்சான் என்று ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். புளியமரத்து உச்சியில் கண்ணுக்கு அகப்படாமல் கத்திக்கொண்டிருக்கும் பச்சைக் கதிர்க்குருவியைக் காதால் மட்டும் குறிக்கலாம் என்பதால், பார்வை மங்கிய பெரியவர்களுக்கு அதை ஒதுக்குகிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். உண்டானால் எண்ணிக்கை, இல்லையானால் ‘இல்லை’ என்ற சொல். ஏரிக்கே போகாத நாளில் கட்டம் வெறுமையாக இருக்கட்டும். இல்லை என்பதும் பார்க்கவில்லை என்பதும் வேறு வேறு. இவ்விரண்டையும் கலந்துவிட்ட நோட்டு எதற்கும் உதவாது.

இந்த நூலகத்தில் கட்டமிட்ட நோட்டு ஒன்றைப் பத்திரிகை மேசையின் மேல் வைக்கும்படி நூலகரிடம் சொல்லியிருக்கிறேன்; அவரும் இசைந்திருக்கிறார். நாளைக் காலை ஆறு மணிக்கு நான் பெரிய மதகருகே இருப்பேன். என்னிடம் உள்ள தொலைநோக்கி ஒன்றே. அதை முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். வெள்ளைச் சட்டை வேண்டாம். மதகு பார்க்கும் நீர்க்கட்டி சொன்னபடி பார்த்தால் இந்த வாரம் தென்கோடியில் சேறு நன்றாகத் தெரியும். உள்ளான்கள் அங்கேதான் இருக்கவேண்டும்.